என் தம்பி தொட்டுப் பார்த்த வண்டிகள்

என் தம்பி வேலை செய்யும்போது கையைப் பார்க்க மாட்டான். வண்டிக்குள் மல்லாந்து படுத்து, தலையை பிரேக், கிளட்ச் மிதிகளுக்கு நடுவில் வைத்துக்கொண்டு, இரண்டு கைகளையும் முழங்கை வரை டாஷ்போர்டுக்குள் விட்டிருப்பான். கண் மட்டும் திறந்த கதவு வழியாகத் தெருவைப் பார்த்துக்கொண்டிருக்கும். அந்த உயரத்தில் அவனுக்குத் தெரிவது கால்கள்தான். "அக்கா, பால்காரர் புதுச் செருப்பு வாங்கிட்டாரு" என்பான். "அக்கா, உன் பாக்கிக்காரி வர்றா, நடையப் பாரு, பூனை மாதிரி" என்பான். உள்ளே விரல்கள் அவை பாட்டுக்கு வேலை செய்துகொண்டிருக்கும். ஒரே நிறத்தில் இரண்டு ஒயர் இருந்தாலும், தடிமனையும் மேலுறையின் வழுவழுப்பையும் தடவியே எது விளக்குக்குப் போகிறது, எது ஹாரனுக்குப் போகிறது என்று பிரித்துவிடுவான். தம்பி என்பதற்காகச் சொல்லவில்லை. அப்படி ஒரு கையை நான் வேறு யாரிடமும் பார்த்ததில்லை.

நான் வண்டிகளுக்கு சீட் உறை தைப்பவள். ஒரே தகரக் கொட்டகையில் இந்தப் பக்கம் என் தையல் மெஷின், அந்தப் பக்கம் அவனுடைய மேஜை, நடுவில் வண்டி. நான் எட்டாவதோடு நின்றேன். அவனைப் பத்தாவது வரை தள்ளிக்கொண்டுபோய்ச் சேர்த்தேன். அதற்கு மேல் அவன் தள்ளப்படச் சம்மதிக்கவில்லை. சின்ன வயதிலேயே வீட்டில் ஒரு டார்ச் லைட்டை உருப்படியாக வைத்திருக்க முடியாது. கழற்றுவான். ஆனால் திரும்பப் பூட்டும்போது ஒரு திருகாணிகூட மிஞ்சாது. எங்கள் அப்பா அதைத்தான் கவனித்தார். "கழட்டறவன் ஆயிரம் பேர் இருக்கான். மிச்சம் வைக்காம பூட்டறவன் உருப்படுவான்" என்றார். அவன் ஒரு பேட்டரிக் கடையில் சேர்ந்து, பிறகு வண்டி ஒயரிங்கிற்கு வந்து, நான் வாடகைக்கு எடுத்திருந்த கொட்டகையிலேயே பாதியை வாங்கிக்கொண்டான்.

தெருவில் அவனை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. 'சாவகாசம்' என்றால்தான் தெரியும். வண்டியை விட்டுவிட்டு, "எப்ப வரட்டும்?" என்று யார் கேட்டாலும் "சாவகாசமா வாங்க" என்பான். அவசரக்காரர்கள் பல்லைக் கடிப்பார்கள். நானே கடித்திருக்கிறேன். "பதறாத காரியம் சிதறாதுக்கா" என்று எனக்கும் அதே பதில்தான்.

வேலை முடிந்ததும் அவன் ஒன்று செய்வான். அது வேறு எந்தக் கடையிலும் இல்லாத வழக்கம். எஞ்சினை ஓடவிட்டு, விளக்கு, விசிறி, ரேடியோ என்று வண்டியில் மின்சாரம் குடிக்கும் எல்லாவற்றையும் போட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விடுவான். திரும்பி வந்து, தான் போட்ட ஒவ்வொரு இணைப்பின் மேலும் விரலை வைத்துப் பார்ப்பான். விரல் நுனியை அல்ல, விரலின் பின்பக்கத்தை. நுனி வேலை செய்து செய்து காய்த்துப்போயிருக்கும், அது பொய் சொல்லும், பின்பக்கம் பொய் சொல்லாது என்பது அவன் கட்சி.

"என்னப்பா, வண்டிக்குக் காய்ச்சலா?" என்று கேலி செய்வார்கள்.

"இருந்தாச் சொல்றேன். ஊசி உங்களுக்குத்தான்" என்பான் அவன்.

எனக்கு மட்டும் ஒருமுறை விளக்கமாகச் சொன்னான். "லூசான இணைப்பு எடுத்தவுடனே எரியாதுக்கா. முதல்ல சூடாகும். பல நாள் சூடாகிக்கிட்டே இருக்கும். அப்ப புடிச்சுட்டா அது வெறும் நட்டு. விட்டுட்டா நெருப்பு."

பிறகு ஒரு காலம் வந்தது. அவன் கையைப் பார்த்து வேலை செய்ய ஆரம்பித்தான். தலைக்கு மாட்டும் விளக்கு ஒன்று வாங்கினான். பூதக்கண்ணாடி வாங்கினான். கண் மங்குகிறது போலிருக்கிறது, வயசாகுது என்று நினைத்துக்கொண்டேன். சட்டை போடுவதை விட்டுவிட்டுத் தலைவழியாக மாட்டும் பனியனுக்கு மாறினான். கேட்டால் புழுக்கம் என்றான். திருகாணி கைதவறி எஞ்சினுக்குள் விழும். குனிந்து காந்தக்கோல் விட்டுத் தேடுவான். தெருவில் போகிற செருப்புகளைப் பற்றிய பேச்சு நின்றுபோயிற்று. எனக்குப் பெரிதாகப் பட்டது அதுதான். கொட்டகையில் என் மெஷின் சத்தம் மட்டும் கேட்டது.

அந்த நாட்களில்தான் ஜீப் வந்தது.

ஜீப்காரர் எங்களுக்குப் பழைய வாடிக்கை. தார் ரோடு முடிகிற இடத்தில் அவருடைய பிழைப்பு தொடங்குகிறது. மேலே மலைக் குடியிருப்புகளுக்கு அரிசி மூட்டை, சிமெண்ட், கேஸ் சிலிண்டர், கீழே வரும்போது நோயாளிகள், கர்ப்பிணிகள். பாதை என்று எதுவும் கிடையாது. பாறையும் ஓடையும்தான். அவர் அந்த வண்டியில் ஆசை ஆசையாகச் சேர்த்திருந்தார்: கூரைமேல் விளக்குப் பட்டை, பனிக்கு மஞ்சள் விளக்கு, டயருக்குக் காற்றடிக்கும் பம்பு, மருந்து வைக்க ஒரு குளிர்பெட்டி, வயர்லெஸ். ஒவ்வொன்றையும் ஒவ்வொருவர் மாட்டியிருந்தார்கள். எல்லாருமே ஒயரை நேராக பேட்டரியின் தலையில் கொண்டுபோய்க் கட்டியிருந்தார்கள்.

பானெட்டைத் திறந்து பார்த்த தம்பி, "என்னங்க இது, பேட்டரிக்குச் சிக்கு விழுந்த தலை மாதிரி இருக்கு. சீப்பு வச்சாக்கூட இறங்காது" என்றான்.

ஜீப்காரர் சிரிக்கவில்லை. "போன வாரம் இறக்கத்துல வரும்போது புகை வந்துச்சு சாவகாசம். ஏதோ ஒரு ஒயர் பாடியில உரசி ஷார்ட் ஆயிருக்கு. எல்லா விளக்கும் அணைஞ்சு போச்சு. பின்னாடி ஒரு பிள்ளைத்தாச்சி. அவ புருஷன் டார்ச்ச புடிச்சுக்கிட்டு முன்னாடி நடந்தான், நான் அவன் பின்னாடியே உருட்டிக்கிட்டு வந்தேன். அந்தப் பொண்ணு கத்தின கத்தல் இன்னும் காதுல இருக்கு."

"பிள்ளை?"

"ரெண்டும் சுகம். நான்தான் பாதி செத்துட்டேன்."

தம்பி ஒயர்களை ஒவ்வொன்றாக விலக்கிப் பார்த்தான். பிறகு, "எல்லாத்தையும் உருவிடுறேன். இதுக்குன்னு தனியா ஒரு பியூஸ் பெட்டி வச்சு, ஒவ்வொண்ணுக்கும் தனி வழி குடுத்துடுறேன். ஒண்ணு கெட்டா அது மட்டும் அணையும். மத்தது எரியும்" என்றான்.

"எப்ப வரட்டும்?"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"சரி சரி, வாயத் தொறக்காத. சாவகாசமா வரேன்" என்று சொல்லிவிட்டு அவர் பஸ் ஏறப் போனார்.

அந்த வேலையை அவன் செய்த விதத்தை எழுதிவைக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. முதலில் இடம் தேடினான். எஞ்சின் சூடு எட்டாத, பேட்டரியின் ஆசிட் தெறிக்காத, ஓடைத் தண்ணீர் ஏறினாலும் நனையாத இடம். கடைசியில் பேட்டரிக்கு எதிர்ப்பக்கம், மட்கார்டின் உள்சுவரில், மேலே ஒரு கை அகலம் கண்டுபிடித்தான். அலுமினியத் தகட்டை வெட்டி வளைத்து, அதன்மேல் பெட்டியைப் பொருத்தினான். பேட்டரியிலிருந்து பெட்டிக்கு ஒரே ஒரு தடித்த சிவப்பு ஒயர். அந்த ஒயர் பேட்டரியை விட்டுக் கிளம்பும் இடத்திலேயே ஒரு பெரிய பியூஸ். "வீட்டுக்குள்ள பத்துப் பூட்டு போட்டு என்ன பண்றது, வாசக்கதவு திறந்து கிடந்தா?" என்றான். சாவியைத் திருப்பினால்தான் பெட்டிக்கு மின்சாரம் வரும்படி ஒரு ரிலே. தகரத்தைத் துளைத்து ஒயர் நுழைகிற இடங்களில் ரப்பர் வளையம். ஒயர் தாங்கும் அளவுக்குத்தான் பியூஸ்; அதற்கு மேல் இம்மியும் கிடையாது.

என் பங்குக்கு ஒரு வேலை கொடுத்தான். காகிதத்தில் எழுதி ஒட்டினால் சூட்டிலும் சேற்றிலும் அழிந்துவிடும் என்பதால், ஒரு கேன்வாஸ் பட்டையில் ஒவ்வொரு வழியின் பெயரையும் நூலால் தைக்கச் சொன்னான். மேல்விளக்கு, பனிவிளக்கு, பம்பு, குளிர்பெட்டி, வயர்லெஸ் என்று வெள்ளை நூலில் தைத்தேன். கடைசியில் ஒரு இடம் மிஞ்சியது.

"இதுக்கு என்னடா தைக்க?"

"காலின்னே தை."

"காலியா இருக்கிறதுக்கு எதுக்கு ஒரு இடம்?"

"வண்டியும் மனுசன் மாதிரிதான்க்கா. நாளைக்கு ஏதாவது கேக்கும்."

வெகுநாளைக்குப் பிறகு அவன் பழையபடி பேசியதாக எனக்குத் தோன்றியது. சந்தோஷமாக 'காலி' என்று தைத்தேன். எழுத்து அழகாகவே வந்தது.

சோதனை நாள் வந்தது. எஞ்சினை ஓடவிட்டு எல்லாவற்றையும் போட்டான். கூரை விளக்குகள் பட்டப்பகலிலும் எதிர்ச்சுவரை வெளுக்க வைத்தன. பம்பு கடகடவென்று ஓடியது. டீ குடித்துவிட்டு வந்தான். நான் மெஷினில் உட்கார்ந்து ஒரு முதுகுச்சாய்வுக்கு ஓரம் தைத்துக்கொண்டிருந்தேன். அவன் பானெட்டுக்குள் குனிந்து வழக்கம்போல் விரலின் பின்பக்கத்தை ஒவ்வொரு இணைப்பாக வைத்துக்கொண்டு வந்தான். சிவப்பு ஒயர் பெட்டியில் முடிகிற பெரிய நட்டின் மேல் வைத்தான். அங்கேயே வைத்திருந்தான்.

எனக்கு ஒரு வாசனை வந்தது. அந்தக் கொட்டகையில் எனக்குத் தெரியாத கருகல் கிடையாது. ரெக்சின் கருகினால் ஒரு நெடி, ரப்பர் கருகினால் ஒரு நெடி, ஒயரின் மேலுறை உருகினால் ஒரு நெடி. இது அதில் எதுவும் இல்லை. மெஷினை நிறுத்திவிட்டு எழுந்தேன்.

"டேய், கைய எடு!"

அவன் தலையை மட்டும் திருப்பினான். விரல் நட்டின் மேலேயே இருந்தது. "என்னக்கா?"

"கைய எடுடா!"

"எதுக்குக் கத்துற? பச்சைத் தண்ணி மாதிரி இருக்கு" என்றான், சிரித்துக்கொண்டே.

ஓடிப்போய் அவன் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தேன். விரலில் தோல் வெள்ளையாகச் சுருண்டு, கொஞ்சம் நட்டிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது. அவன் அந்த விரலை வேறு யாருடைய விரலையோ பார்ப்பதுபோல் பார்த்தான். பிறகு நட்டைப் பார்த்தான். அதன் பிறகுதான் சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்தான்.

கொட்டகையின் பின்னால் இருந்த குழாயடிக்கு அவனைக் கூட்டிக்கொண்டுபோய்த் தண்ணீரில் கையைக் காட்டினேன். "எரியுதா?" என்று கேட்டேன். அவன் கையைத் தண்ணீரில் திருப்பித் திருப்பிக் காட்டினான்.

"எரியுதான்னு கேக்கறேன்ல."

"இல்லக்கா."

"எத்தனை நாளா?"

"நாளா?" என்று தரையைப் பார்த்தான். "முதல்ல ரெண்டு விரல். கையுறை போட்டுக்கிட்டுத் தொடற மாதிரி இருந்துச்சு. இப்ப எல்லா விரலும். டாக்டர பாத்தாச்சு. நரம்பு நுனியிலிருந்து செத்துக்கிட்டே வருதாம். போனது வராதாம். இருக்கிறது போகாம இருக்கத்தான் மாத்திரையாம்."

"ஏன்டா என்கிட்ட சொல்லலை?"

"சொன்னா வண்டியத் தொட விட்டிருப்பியா?"

விட்டிருக்க மாட்டேன்தான்.

சாயங்காலம் அவன் மனைவியிடம் போனேன். அவளுக்குத் தெரிந்திருந்தது. காலையில் சட்டைப் பொத்தான் போட்டுவிட்டதே அவள்தானாம். அந்த அவமானம் தாங்காமல்தான் அவன் பனியனுக்கு மாறியிருக்கிறான். "உங்ககிட்ட மட்டும் சொல்லவே கூடாதுன்னு தலையில அடிச்சு சத்தியம் வாங்கிட்டாரு அண்ணி. ஊர்ல யாருக்குத் தெரிஞ்சாலும் பரவாயில்லையாம். அக்கா என் கையப் பத்தி ஊரெல்லாம் பெருமை பேசி வச்சிருக்கா, அவகிட்ட எப்படிச் சொல்றதுன்னு அழுதாரு" என்றாள். இருவரும் சமையலறையில் நின்றுகொண்டே அழுதோம். பிறகு அவனுடைய சட்டைகளை எல்லாம் கேட்டு வாங்கிக்கொண்டேன். முன்பட்டையின் உள்ளே, அழுத்தினால் ஒட்டிக்கொள்ளும் வெல்க்ரோ பட்டை வைத்துத் தைத்து, பொத்தான்களை வெளியே அழகுக்கு நிறுத்தினேன். பொத்தான் துளைகளையும் அடைத்துவிட்டேன். பார்க்கிறவர்களுக்குப் பொத்தான் போட்ட மாதிரியேதான் இருக்கும். அவன் மறுநாள் சட்டை போட்டுக்கொண்டு வந்தான்.

வந்ததும் நேராக ஜீப்பிடம் போய் அந்தப் பெரிய நட்டைக் கழற்றிக் கையில் கொண்டுவந்து காட்டினான். நட்டு நேராக ஏறாமல், மரை மாறி, சாய்வாக ஏறியிருந்தது. ஸ்பேனர் போட்டு இறுக்கும்போது இறுகியதுபோல் தெரிந்திருக்கிறது. ஆனால் அடியில் ஒயரின் வளையம் ஆடிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. ஆடுகிற இடம் சூடாகிறது.

"நட்டை முதல்ல விரலால ஏத்தணும்க்கா. ஏறும்போதே விரலுக்குத் தெரிஞ்சிடும், நேரா போகுதா, கோணையா போகுதான்னு. பத்து வயசுல டார்ச் லைட்ட பூட்டும்போதே எனக்கு அது தெரியும்" என்றான். "எனக்கு மரை மாறினது தெரியல. சூடும் தெரியல."

"வேற ஆளைக் கூப்பிட்டு முடிச்சுக் குடுத்துடலாம்டா."

"வேண்டாம்." இவ்வளவு வேகமாக அவன் எதற்கும் பதில் சொன்னதில்லை. "வேற ஆள் வந்தா முதல்ல பாக்கிறது இந்த நட்டைத்தான். 'இது சாவகாசம் போட்டது'ன்னு சொல்லுவான். இத்தனை வண்டி பண்ணியிருக்கேன், ஒண்ணுகூடத் திரும்பி வந்ததில்ல. கடைசியில என் பேருக்கு மிஞ்சறது இந்த நட்டா இருக்கக் கூடாதுக்கா. இந்த ஒரு வண்டிய மட்டும் முடிச்சுடணும்."

அந்த நட்டைத் தூக்கிப்போட்டுவிட்டுப் புது நட்டு எடுத்தான். திருகின் மரையைப் பிரஷ்ஷால் தேய்த்துத் துடைத்தான். பிறகு நட்டை என் கையில் வைத்தான்.

"எனக்கு இதெல்லாம் என்னடா தெரியும்?"

"பாபினைக் கூட்டுல போடறப்ப, சரியா உக்காந்ததும் விரலுக்கு ஒரு சின்ன டிக்கு தெரியும்ல உனக்கு? அதேதான். முதல்ல பின்னாடி ஒரு சுத்து சுத்து. டிக்குனு ஒரு இடத்துல விழும். அங்கிருந்து முன்னாடி ஏத்து. முரண்டு புடிச்சா நிறுத்திடு. ஏறினா வெண்ணெய் மாதிரி ஏறணும்."

அப்படியே செய்தேன். டிக்கென்று விழுந்தது. வெண்ணெய் மாதிரி ஏறியது. ஸ்பேனரை அவன் பிடித்து இறுக்கினான். அதற்கு அவன் தோளும் முழங்கையும் போதும். இப்படி அவன் போட்ட ஒவ்வொரு நட்டையும் கழற்றி, ஒவ்வொன்றையும் நான் விரலால் ஏற்றி, அவன் இறுக்கினான். மற்றதெல்லாம் நேராகத்தான் இருந்தன. அதைச் சொன்னபோது அவன் முகம் கொஞ்சம் தெளிந்தது.

மறுபடி எல்லாவற்றையும் போட்டுவிட்டு டீ குடித்துவிட்டு வந்தோம். அவன் சட்டைக் கையை மடித்துக்கொண்டு, குழந்தையைக் குளிப்பாட்டும் தண்ணீரைப் பார்ப்பதுபோல் முழங்கையால் தொட்டுப்பார்க்க முயன்றான். மட்கார்டுக்கும் பெட்டிக்கும் நடுவில் முழங்கை நுழையவில்லை. இந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தான், அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தான். கடைசியில் விலகி நின்றான்.

"நீ பாருக்கா."

விரலின் பின்பக்கத்தை அந்தப் பெரிய நட்டின் மேல் வைத்தேன்.

"உடனே சொல்லாத. ஒரு மூச்சு விட்டுட்டுச் சொல்லு."

ஒரு மூச்சு விட்டேன். "இல்லடா. சூடு இல்ல."

"அடுத்தது."

"இல்ல."

"அடுத்தது."

கடைசி வரைக்கும் 'இல்ல' என்றே சொல்லிக்கொண்டு வந்தேன். ஒவ்வொரு தடவையும் அவன் தலையை ஆட்டினான். முடிந்ததும் துணியை எடுத்து, யாரும் தொடாத இடத்தையெல்லாம் துடைத்துக்கொண்டிருந்தான்.

ஜீப்காரர் வந்தார். பானெட்டைத் திறந்து பார்த்துவிட்டு வாயைப் பிளந்தார். என் கேன்வாஸ் பட்டையை வாய்விட்டுப் படித்தார். "எங்க வீட்டு ரேஷன் டப்பாகூட இப்படி இல்லையேம்மா" என்றார். எனக்கு அவர் அதோடு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட வேண்டும் போலிருந்தது. வேலை முடிந்தது, பெயர் நின்றது. இனி எதற்கு வேறு பேச்சு?

தம்பி அவரை நிறுத்தினான்.

"ஒரு விஷயம் சொல்லணும். இத நான் மட்டும் போடல. நட்டெல்லாம் அக்கா ஏத்தினது. சூடு பாத்ததும் அக்காதான். எனக்கு விரல்ல உணர்ச்சி போயிடுச்சு." கட்டுப்போட்ட விரலைத் தூக்கிக் காட்டினான். "முதல் தடவை ஒரு நட்டு தப்பாப் போட்டேன். அது சூடாகி என் விரல் வெந்தது. எனக்குத் தெரியல. இப்ப சரி பண்ணியாச்சு. ஆனா நீங்க பிள்ளைத்தாச்சியெல்லாம் ஏத்திட்டுப் போறவரு. வேற ஆள்கிட்ட ஒரு தடவை காட்டிட்டு மேல ஏறுங்க. எனக்கு வருத்தமில்ல."

ஜீப்காரர் அந்தக் கட்டுப்போட்ட விரலைப் பார்த்தார். பிறகு தன் தடித்த கையை பானெட்டுக்குள் விட்டு அந்தப் பெரிய நட்டை ஒரு தட்டுத் தட்டினார்.

"வேற ஆள்னா யாரு? என் பேட்டரி மேல சிக்கு போட்டு வச்சாங்களே, அவனுங்களா?" என்றார். "தப்பை அவனே சொல்ற ஆள் போட்ட வண்டியிலதான் நான் ஏறுவேன். அடுத்து பின்னாடி கேமரா ஒண்ணு மாட்டணும். இந்த 'காலி' இருக்கே, அதுல. எப்ப வரட்டும்?"

வழக்கமான பதிலுக்காக அவர் காத்திருந்தார். நானும்தான்.

"வராதீங்க. இதுதான் கடைசி" என்றான் தம்பி.

அவர் வண்டியை எடுத்தார். தெரு முனை திரும்பும் முன் ஒருமுறை ஹாரன் அடித்தார்.

அன்றைக்கு நான் அவனிடம் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். "நான் இருக்கேனேடா. நீ சொல்லு, நான் தொடறேன். உன் மூளை, என் விரல். யாருக்கு என்ன குறை?" என்றேன்.

"நல்லாத்தான் இருக்கும்" என்றான். மேஜைமேல் கட்டிங் பிளேயர்களை அளவு வாரியாக அடுக்கிக்கொண்டிருந்தான். "ஆனா நீ தொட்டா உனக்குத் தெரியுது. எனக்குத் தெரியலையே. நான் செய்யற வேலை எனக்குத் தெரியணும்க்கா. இல்லன்னா நான் எதுக்கு அங்க நிக்கணும்?"

அதற்குப் பிறகு அவன் ஒரு வண்டியையும் தொடவில்லை. வேலை கேட்டு வந்தவர்களை வேறு கடைக்கு அனுப்பினான். முகவரியும் வழியும் பொறுமையாகச் சொல்லி அனுப்புவான். அவனுடைய மேஜையை நான் எடுக்கவில்லை. அதன்மேல் என் துணிச்சுருள்களையும் வைக்கவில்லை. கொஞ்ச நாள் எனக்கு ரெக்சினை இழுத்துப் பிடித்து உதவினான். பிறகு நோய் பாதத்துக்கு இறங்கியது. செருப்பு கழன்று விழுந்தது தெரியாமல் நடந்து வந்து நிற்பான். பின்னாலேயே யாராவது செருப்பைக் கொண்டுவந்து கொடுப்பார்கள். ஊரார் செருப்பையெல்லாம் அடையாளம் சொன்னவன், தன் செருப்பைத் தேட ஆரம்பித்தான். அவன் மனைவி தினமும் குளிக்கும் முன் அவனைக் கட்டிலில் உட்காரவைத்து உள்ளங்கால்களைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறாள், முள்ளோ கண்ணாடியோ ஏறியிருக்கிறதா என்று. ஏறினால் அவளுக்குத்தான் முதலில் தெரியும்.

கொட்டகைக்குப் பின்னால் உள்ள அறைக்கே அவர்களைக் குடிவரச் சொல்லி, அவனுடைய கட்டிலைத் தாழ்வான ஜன்னலை ஒட்டிப் போட்டோம். அங்கிருந்து சந்து வழியாகப் போகிறவர்களின் கால்கள் தெரியும். சில நாள் அங்கிருந்து குரல் வரும். "அக்கா, உன் பூனை வருது. பாக்கியக் கேளு." அப்படிக் குரல் வருகிற நாட்களில் என் தையல் நேராக ஓடும்.

போன மழைக்காலம் முடிந்ததும் ஜீப்காரர் வந்தார், சீட் உறை மாற்ற. கேமராவை அவர் வேறு எங்கேயும் மாட்டவில்லை. 'காலி' காலியாகவே இருந்தது. என் வெள்ளை நூல் மண் நிறத்துக்கு மாறியிருந்தது. ஆனால் எழுத்து போகவில்லை. ஹாரன் சத்தத்தைக் கேட்டே தம்பி யாரென்று தெரிந்துகொண்டான். மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டு கொட்டகைக்கு வந்தான். வண்டியிடம் வரவில்லை. தள்ளி ஒரு ஸ்டூலில் உட்கார்ந்தான். மேலே ஏறும் பாதையைப் பற்றி, ஓடையில் தண்ணீர் எவ்வளவு என்று பொதுவாகப் பேசிக்கொண்டிருந்தான். எனக்கு அவன் எதற்கு வந்தான் என்று தெரியும்.

"எல்லாத்தையும் போடுங்கண்ணே" என்று ஜீப்காரரிடம் சொன்னேன்.

எஞ்சின் ஓடியது. கூரை விளக்குகள் எரிந்தன. பம்பு கடகடத்தது. தம்பி பேச்சை நிறுத்திவிட்டான். நாங்கள் நான்கு பேரும் டீ வரவழைத்துக் குடித்தோம். அவனுக்கு அவன் மனைவி டம்ளரைப் பிடித்துக்கொண்டாள். பிறகு நான் எழுந்து போய் அந்தப் பெரிய நட்டின் மேல் விரலின் பின்பக்கத்தை வைத்தேன். ஒரு மூச்சு விட்டேன்.

"இல்லடா. சூடு இல்ல."

"நிஜமாவா?"

"நிஜமாத்தான்."

"என் மனசு நோகக் கூடாதுன்னு சொல்லுவ நீ. உன்னத் தெரியாதா எனக்கு?"

அவன் கேட்டது சரிதான். சூடாக இருந்திருந்தாலும் நான் அப்படித்தான் சொல்லியிருப்பேன் என்று அவனுக்குத் தெரியும். அவன் கண்ணைத் திறந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தான், சின்ன வயதில் டார்ச் லைட்டைப் பூட்டிக் கொடுத்துவிட்டு எரிகிறதா என்று பார்ப்பதுபோல. நான் மறுபடி குனிந்து விரலை நட்டின் மேல் நன்றாக அழுத்தி வைத்திருந்தேன். பிறகு அந்த விரலை அப்படியே கொண்டுவந்து அவன் கன்னத்தில் வைத்தேன். கன்னத்தில் அவனுக்கு இன்னும் உணர்ச்சி இருக்கிறது.

அவன் கண்ணை மூடிக்கொண்டான். ஒரு மூச்சு விட்டான்.

"சரிக்கா, மூடிடு" என்றான்.

நான் போய் பானெட்டை மூடினேன்.